ஈயக் குண்டுக்குப் பவுடர் கோட்டிங்: அளவில் கவனம்

அமெரிக்காவின் பல மாநிலங்களில், குழல் வாய்வழியே மருந்து கெட்டிக்கும் துப்பாக்கிகளுக்கென்றே தனி மான் வேட்டைப் பருவம் உண்டு. அதற்காகத் தாமே ஈயக் குண்டு வார்ப்போரில் சிலர், ஈயம் குழலில் ஒட்டாதிருக்க அதன்மேல் பவுடர் கோட்டிங்கும், அதாவது சூட்டில் உருகி இறுகும் நெகிழிப் பொடிப் பூச்சும், செய்துகொள்கின்றனர். பூச்சு குண்டின் விட்டத்தைச் சிறிது கூட்டிவிடும் என்பதால், வார்த்த நிலையிலேயே குழலுக்குச் சரியாக இருந்த குண்டு பூசியபின் கோலால் இடித்தாலும் இறங்க மறுக்கலாம். எனவே ஒன்றிரண்டை மட்டும் முதலில் பூசி அளந்து பார்ப்பது நல்லது.

பூச்சு இறுகச் சுமார் 200 டிகிரி செல்சியஸில் 20 நிமிடம் போதும். தூய ஈயம் உருகுவது 327 டிகிரியில் என்பதால் அச்சமில்லை. ஆனால், பற்றவைப்பு ஈயம் (ஈயமும் வெள்ளீயமும் சேர்ந்த கலவை) மிகுதியாகக் கலந்த குண்டு 183 டிகிரியிலேயே இளகத் தொடங்கி உருக்குலையக்கூடும். சமையலுக்குப் பயன்படும் ஓவன் அடுப்பை இதற்குத் தொடவே கூடாது. பழையது ஒன்றைக் காற்றோட்டமான கொட்டகையில் தனியே வைத்துக்கொண்டு, வேலை முடிந்ததும் கைகளைச் சோப்பிட்டுக் கழுவ வேண்டும்.

பூச்சு இருக்கிறதே என்று, குண்டில் தடவும் மசகைக் (வழவழப்பூட்டும் கொழுப்பை) கைவிடுவோரும் உண்டு, அது தவறு. கரிமருந்தின் கசடை இளக்குவது மசகே அன்றிப் பூச்சு அன்று. துணி சுற்றிக் கெட்டிக்கும் உருண்டைக் குண்டுக்கோ, என் கருத்தில், இந்தப் பூச்சே வீண்வேலை. அங்கே ஈயம் குழலைத் தொடுவதே இல்லை.