மச்சு பிச்சுவுக்கு நண்பர்களுடன் செல்வோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சென்ற மாதம் என் அலுவலகத்து இளைஞர்கள் ஆறு பேர், பெரு நாட்டின் மலைமேலுள்ள பழைய இன்கா நகரமான மச்சு பிச்சுவைப் பார்க்க வாங்கிய நுழைவுச் சீட்டுகளைப் பெருமையோடு காட்டினார்கள். முதல் சீட்டைப் பார்த்ததுமே எனக்கு வயிற்றைப் பிசைந்தது. 2024 செப்டம்பரில் நான் செய்த அதே தவறை அவர்களும் அச்சு அசலாகச் செய்திருந்தார்கள். தொப்பி, தண்ணீர், நல்ல காலணி ஆகியவற்றை யாரும் சொல்லாமலே எடுத்துச் செல்வீர்கள் என்பதால் அவற்றைப் பற்றி இங்கே எழுதவில்லை.

விலை கூடிய சீட்டே சிறந்தது என்று நம்புவது

மச்சு பிச்சு என்றவுடன் நம் மனத்தில் எழும் காட்சி ஒன்றுதான்: கீழே வரிசை வரிசையாகக் கூரையற்ற கல் வீடுகள், அவற்றின் பின்னால் கொம்பு போல நிமிர்ந்து நிற்கும் ஒரு சிகரம். அந்தச் சிகரத்தின் பெயர் வைனா பிச்சு. அதில் ஏறினால் எதைப் பார்க்கலாம், எதைப் பார்க்க முடியாது என்பதைத்தான் நான் யோசிக்கத் தவறினேன்.

2024 ஜூன் முதல் அங்கே மூன்று சுற்றுகளும் அவற்றுக்குள் பத்துத் தடங்களும் வகுக்கப்பட்டுள்ளன. ஒரு சீட்டு ஒரு தடத்துக்கு மட்டுமே செல்லும். குறித்த நேரத்தில் நுழைய வேண்டும். ஒரு சுற்றிலிருந்து இன்னொன்றுக்குத் தாவ முடியாது. முதல் சுற்று, அந்தப் புகழ்பெற்ற காட்சி தெரியும் மேல் அடுக்குகளோடு நின்றுவிடும். இரண்டாவது சுற்று அந்தக் காட்சியையும் காட்டி, நகருக்குள்ளும் அழைத்துச் செல்லும். மூன்றாவது சுற்று நகரின் கீழ்ப்பகுதியை மட்டும் தொட்டுச் செல்லும். வைனா பிச்சு ஏறுவதற்கான 3-ஏ தடம் இந்த மூன்றாவது சுற்றைச் சேர்ந்தது.

எங்கள் ஐவரில் சீட்டு வாங்கும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. மற்ற நால்வரும் வாட்ஸப் குழுவில் "நீயே பார்த்துப் போட்டுடுப்பா" என்று எழுதியதோடு கடமையை முடித்துக்கொண்டார்கள். அப்போது வெளிநாட்டவருக்குச் சாதாரணச் சீட்டு 152 சோல் (பெருவின் நாணயம்), வைனா பிச்சு சீட்டு 200 சோல். கோயிலில் சிறப்பு தரிசனச் சீட்டு வாங்கியே பழகிய புத்தி, கூடக் கொடுத்தால் கூடக் கிடைக்கும் என்று சொல்லியது. ஐவருக்கும் 200 சோல் சீட்டையே போட்டேன்.

அன்று காலை சிகரத்தின் அடிவாரத்தில், பாறையில் செதுக்கிய படிகளையும் பிடித்து ஏறுவதற்காகக் கட்டியிருந்த இரும்புக் கம்பி வடத்தையும் பார்த்த இருவர், இது தங்களால் ஆகாது என்று அங்கேயே நின்றுவிட்டார்கள். மூவர் மட்டும் ஏறினோம். உச்சியிலிருந்து நகரம் உள்ளங்கை அளவுக்குத் தெரிந்தது, அழகுதான், மறுக்கவில்லை. ஆனால் நாங்கள் பார்க்க வந்த காட்சியில் எங்கள் காலடியில் இருந்த சிகரமே நடுநாயகம், அதன் மேல் நின்றுகொண்டு அதை எப்படிப் பார்ப்பது? இறங்கி வந்து, மேல் அடுக்குக்குப் போகலாமா என்று கேட்டபோது, பணியில் இருந்த பெண்மணி என் சீட்டில் தட எண்ணின் மேல் விரலை வைத்துக் காட்டிவிட்டுத் தலையை அசைத்தார். மேலே கூட்டம் கூட்டமாக நின்று படம் எடுத்துக்கொண்டிருந்தவர்களைக் கீழிருந்து அண்ணாந்து பார்த்தபடியே வெளியேறினோம். ஏறாமல் நின்ற தோழி ரயிலில் ஒரு வார்த்தையும் பேசவில்லை. அந்த மௌனம் இன்றும் எனக்கு உறுத்துகிறது.

அடிவாரத்து ஊரான அகுவாஸ் காலியந்தேஸில் மறுநாளுக்கென்று நாள்தோறும் 1,000 சீட்டுகளை நேரில் விற்கிறார்கள். அதற்கு ஒரு நாள் கையில் இருக்க வேண்டும். எங்களுக்கோ அன்று மாலையே திரும்பும் ரயில். ஆகவே முதலில் எல்லோருக்கும் இரண்டாவது சுற்றின் 2-ஏ தடத்தில் ஒரே நேரத்துக்குச் சீட்டு வாங்குங்கள்; மலை ஏறியே தீருவேன் என்பவர்கள் 3-ஏ சீட்டைத் தனியாக இன்னொன்று வாங்கிக்கொள்ளட்டும். நுழைவுச் சீட்டு கைக்கு வந்த பிறகே ரயிலுக்குப் பணம் கட்டுங்கள். வாங்கும் அன்று எந்தத் தடம் எங்கே போகிறது என்ற வரைபடத்தைக் குழுவில் போட்டு, எல்லோரும் பார்த்தோம் என்று சொல்லும்வரை பொத்தானை அழுத்தாதீர்கள்.

இறங்கியவுடன் குஸ்கோவிலேயே தங்குவது

பெருவின் தலைநகர் லிமா கடற்கரை நகரம். அங்கிருந்து ஒன்றேகால் மணி நேர விமானப் பயணத்தில் மச்சு பிச்சுவுக்குப் போகும் வழியில் 3,400 மீட்டர் உயரத்திலுள்ள குஸ்கோ நகரில் இறங்கிவிடுகிறோம். மச்சு பிச்சுவோ 2,430 மீட்டர்தான், ஊட்டியைவிடச் சற்றே கூடுதல். முதல் இரவைக் குஸ்கோவில் கழித்த நாங்கள், உயரம் ஒத்துக்கொள்ளாமல் தலைவலியோடும் குமட்டலோடும் விடியும்வரை விழித்திருந்தோம். விமான நிலையத்திலிருந்து நேராக வண்டி பிடித்து, சுமார் 2,800 மீட்டர் உயரத்திலுள்ள ஓயாந்தாய்தம்போவுக்கு இறங்கிவிடுவது நல்லது. ரயிலும் அங்கிருந்தே கிடைக்கும். குஸ்கோவைப் பயணத்தின் கடைசி நாட்களுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

இன்ஷியலை அப்படியே எழுதுவது

இது நமக்கே உரிய தொல்லை. நுழைவுச் சீட்டிலும் ரயில் சீட்டிலும் உள்ள பெயரும் எண்ணும் பாஸ்போர்ட்டோடு ஒத்துப்போக வேண்டும். நம்மில் சிலருக்கு அப்பா பெயர் பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயராக விரிந்து நிற்கும். சிலருக்கு அந்தக் கட்டமே காலியாக இருக்கும். நண்பர்கள் ஒருவரையொருவர் அழைக்கும் பெயரை நினைவிலிருந்து தட்டச்சு செய்யாமல், ஒவ்வொருவரின் பாஸ்போர்ட் பக்கத்தையும் வாங்கிப் பார்த்து எழுதுங்கள். மூலப் பாஸ்போர்ட்டை விடுதிப் பெட்டியில் பூட்டி வைத்துவிட்டு வாயிலுக்கு வராதீர்கள்.

கழிப்பறை

உள்ளே கிடையாது, வாயிலுக்கு வெளியிலேயே முடித்துக்கொள்ளுங்கள்.

படத்துக்காகச் சுவரில் சாய்வது

பதினைந்தாம் நூற்றாண்டில் இன்கா மக்கள் எழுப்பிய இந்தச் சுவர்களில், கோயில்களின் கற்கள் சுண்ணாம்புப் பூச்சு இன்றி ஒன்றோடொன்று இழைத்துப் பொருத்தப்பட்டவை. பார்க்க அசைக்க முடியாதவை போலத் தோன்றும். 2000-ஆம் ஆண்டில் ஒரு பீர் விளம்பரப் படப்பிடிப்பின்போது கிரேன் விழுந்து, இன்டிவாட்டானா என்னும் புனிதக் கல்லின் விளிம்பு உடைந்தது. ஐந்து நண்பர்கள் சேர்ந்தால் ஒருவராவது சுவரின் மேல் ஏறி உட்காரப் பார்ப்பார். காவலரின் விசில் ஒலிக்கும் முன்பே அவரைக் கீழே இறக்கிவிடுங்கள்.

கோகா இலை

உயரத்தால் வரும் தலைவலிக்கு விடுதியில் தரும் கோகா இலைத் தேநீரோடு நிறுத்திக்கொள்ளுங்கள். இலையைப் பையில் ஊருக்கு எடுத்து வந்தால், இந்தியாவில் அது போதைப்பொருள் வழக்கு.