அட்வெஞ்சர் பைக்குக்குச் செயினா, ஷாஃப்ட்டா, பெல்ட்டா?

தார் ரோட்டிலும் மண் பாதையிலும் ஓட்டும் அட்வெஞ்சர் பைக் வாங்கலாம் என்று விவரம் பார்க்கத் தொடங்கியதுமே யாராவது ஒருவர் "ஷாஃப்ட் டிரைவ் இருக்கான்னு பாருங்க, லூப் (செயினுக்கு எண்ணெய்) அடிக்கிற தலைவலியே இல்ல" என்று சொல்லிவிடுவார். இன்ஜினின் சக்தியைப் பின் சக்கரத்துக்குக் கொண்டுபோவது செயின், ஷாஃப்ட் (சுழலும் தண்டு), பெல்ட் மூன்றில் ஒன்று. அந்தப் பேச்சில் உண்மை இருக்கிறது, ஆனால் பாதிதான். என் பதிலை இப்போதே சொல்லிவிடுகிறேன். ஸ்பிதி, லடாக் என்று கல்லும் சேறும் ஓடைத் தண்ணீரும் மாறி மாறி வரும் பாதைகளில், மெக்கானிக் கண்ணில் படாத இடங்களில் ஓட்டப்போகிறீர்கள், பட்ஜெட்டும் சாதாரணம் என்றால் செயின் வண்டியை எடுத்துக்கொண்டு அதைப் பார்த்துக்கொள்ளக் கற்றுக்கொள்ளுங்கள். பெரும்பாலும் தார் ரோடு, பின்னால் ஆள், மூன்று பெட்டி நிறையச் சாமான், வருடம் முழுக்க நெடுந்தூரம், கையில் காசும் இருக்கிறது என்றால் ஷாஃப்ட். பெல்ட் இந்தப் பேச்சில் கிட்டத்தட்ட வரவே வராது.

அதனால் பெல்ட்டை முதலில் முடித்துவிடலாம். சத்தமில்லை, எண்ணெய் வேண்டாம், எடையும் குறைவு, ஹார்லி க்ரூசர்களில் பல வருடங்களாக அதுதான். அதே ஹார்லி 2021-இல் பான் அமெரிக்கா 1250 என்று ஓர் அட்வெஞ்சர் வண்டியைக் கொண்டுவந்தபோது பெல்ட்டை விட்டுவிட்டுச் செயினைப் போட்டது. பிஎம்டபிள்யூவும் ரோட்டுக்கான எஃப் 800 எஸ்டி-க்குப் பெல்ட், மண்ணுக்கான எஃப் 800 ஜிஎஸ்-க்குச் செயின் என்று பிரித்தது, இரண்டுமே அதே 800 சிசி இன்ஜின் குடும்பம்தான். பெல்ட்டுக்கும் புல்லிக்கும் நடுவே ஒரு கூர்மையான ஜல்லி மாட்டினால் பெல்ட் பொத்துப்போகும். அறுந்தால் நடுவழியில் ஒட்டுப்போட வழியில்லை, பல வண்டிகளில் புதியதை மாட்ட ஸ்விங்ஆர்மையே (பின் சக்கரத்தைத் தாங்கும் கை) கழற்ற வேண்டும்.

ஷாஃப்ட்டின் பெருமை சும்மா வந்ததல்ல. 1980-இல் வந்த பிஎம்டபிள்யூ ஆர் 80 ஜி/எஸ் ஷாஃப்ட் வண்டிதான், 1981-இல் பாரிஸ்-டக்கார் பந்தயத்தை ஜெயித்ததும் அந்தக் குடும்பத்து வண்டிதான். ஆனால் அதே கம்பெனி 1999-இல் டக்காரை மறுபடி ஜெயித்தபோது ஓட்டியது செயின் போட்ட எஃப் 650. எடை குறைய வேண்டும், பல் விகிதத்தை நினைத்தபடி மாற்ற வேண்டும் என்று வந்துவிட்டால் ஷாஃப்ட் ஒத்துவராது. ஷாஃப்ட் வண்டியில் பின் சக்கரத்தோடு சேர்ந்து ஏறி இறங்கும் உலோகக் கூட்டுக்குள் கியர், பேரிங், எண்ணெய் எல்லாம் இருக்கின்றன, கரடுமுரடில் அந்த எடை நன்றாகவே தெரியும். ஆக்ஸிலரேட்டரைத் திருகும்போதும் விடும்போதும் பின்பக்கம் எழும்பி இறங்கும் பழக்கம் வேறு, அதை அடக்கத்தான் 1987-இல் பிஎம்டபிள்யூ பாராலீவர் என்ற அமைப்பைக் கொண்டுவந்தது, இப்போதைய ஜிஎஸ்-களில் அந்தக் குலுக்கலை அவ்வளவாக உணர மாட்டீர்கள்.

"பராமரிப்பே வேண்டாம்" என்பதுதான் தப்பு. பின்பக்க கியர் ஆயிலைக் காலத்தோடு மாற்ற வேண்டும். சீல் கசிகிறதா, ஷாஃப்ட்டை மூடியிருக்கும் ரப்பர் பூட் கிழிந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும், ஏனென்றால் உள்ளே தண்ணீர் புகுந்தால் மூட்டுகள் துருப்பிடிக்கும், வெளியே எதுவும் தெரியாது. ஆர் 1250 ஜிஎஸ் வகையறாவுக்கு 60,000 கிலோமீட்டரில் ஷாஃப்ட்டையே மாற்றும் வேலையை பிஎம்டபிள்யூ பின்னாளில் அட்டவணையில் சேர்த்தது. தினமும் கை அழுக்காகாது, உண்மைதான், ஆனால் கெட்டால் கைவசம் ஸ்பேனர் இருந்தும் பயனில்லை, லாரியில் ஏற்றிப் பெரிய ஊருக்குத்தான் போக வேண்டும். நம் நாட்டில் ஷாஃப்ட் உள்ள அட்வெஞ்சர் வண்டி 15, 20 லட்சத்துக்கு மேல்தான் தொடங்கும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஓசூரில் டிவிஎஸ் ஆலையில் தயாரான ஜி 310 ஜிஎஸ், சென்னைப் பக்கம் தயாராகும் ராயல் என்ஃபீல்ட் ஹிமாலயன், கேடிஎம் 390 அட்வெஞ்சர், எல்லாம் செயின்தான். ஆக, நம்மில் பெரும்பாலானோருக்குச் செயினோடு வாழ்வது எப்படி என்பதுதான் நிஜமான கேள்வி.

முதலில் பாதுகாப்பு, இதில் எனக்குப் பிடிவாதம் உண்டு. இன்ஜினை ஓட விட்டு, கியரில் போட்டு, சக்கரம் தானாகச் சுற்ற, துணியைச் செயினில் வைத்துத் துடைக்கும் வீடியோக்கள் நிறைய சுற்றுகின்றன. துணி ஸ்ப்ராக்கெட்டுக்குள் (செயின் மாட்டியிருக்கும் பல்சக்கரம்) இழுபட்டால் விரலும் கூடவே போகும். இன்ஜினை அணைத்து, சாவியை எடுத்து, நியூட்ரலில் வைத்து, சக்கரத்தைக் கையால் மட்டும் சுற்றுங்கள். பழைய ஹிமாலயன் 411-இல் சென்டர் ஸ்டாண்ட் கூடவே வரும், இல்லாத வண்டிக்குப் பின் சக்கரத்தைத் தூக்கி நிறுத்தும் பேடாக் ஸ்டாண்ட் ஒன்று வாங்கிவிடுங்கள்.

இப்போதைய செயின்களில் கண்ணிகளை இணைக்கும் ஆணிக்கும் அதைச் சுற்றியுள்ள புஷ்ஷுக்கும் நடுவே கிரீஸை அடைத்து ஓ-ரிங் என்ற ரப்பர் வளையத்தால் மூடியிருப்பார்கள். நாம் அடிக்கும் லூப் அந்த உள்பக்கத்துக்குப் போகவே போகாது, அது வெளியே துருப்பிடிக்காமல் இருக்கவும், ரோலர் ஸ்ப்ராக்கெட்டில் தேயாமல் இருக்கவும், ஓ-ரிங் காய்ந்து வெடிக்காமல் இருக்கவும்தான். அதனால் கழுவ மண்ணெண்ணெய் அல்லது செயின் கிளீனர் போதும். பெட்ரோல் வேண்டாம், கம்பி பிரஷ் வேண்டவே வேண்டாம், ரிங் போய்விட்டால் செயின் போன மாதிரிதான். துடைத்துக் காய்ந்ததும் உள்பக்கமாக, அதாவது ஸ்ப்ராக்கெட்டைத் தொடும் பக்கமாக, லூப் அடியுங்கள். எஸ்ஏஇ 90 கியர் ஆயில் விலை குறைவு, வேலையும் செய்யும், சக்கரமெல்லாம் தெறிக்கும் என்பதுதான் குறை. ஓட்டி முடித்துச் செயின் சூடாக இருக்கும்போதே அடித்துவிட்டு, இரவு விட்டு, காலையில் மிச்சத்தைத் துடைத்துவிடுங்கள். நிறைய அடித்தால் நல்லது என்று நினைக்காதீர்கள், லடாக் வழியில் வரும் மோர் சமவெளி மாதிரிப் புழுதியில் அந்த எண்ணெய் மண்ணைப் பிடித்துக்கொண்டு அம்மியில் அரைப்பது போல ஸ்ப்ராக்கெட்டை அரைத்துவிடும். 500 கிலோமீட்டருக்கு ஒருமுறை லூப், 1,000-க்கு ஒருமுறை கழுவல், மழையிலோ ஓடையிலோ நனைந்தால் அன்று மாலையே, அவ்வளவுதான் கணக்கு.

செயின் தளர்வில்தான் நிறைய பேர் கோட்டைவிடுகிறார்கள், அதுவும் லூஸாக விட்டு அல்ல, இறுக்கி வைத்து. அட்வெஞ்சர் வண்டியின் பின் சஸ்பென்ஷன் நிறைய இறங்கும். அப்படி இறங்கும்போது முன் ஸ்ப்ராக்கெட், ஸ்விங்ஆர்ம் மூட்டு, பின் ஆக்ஸில் மூன்றும் ஒரே நேர்க்கோட்டுக்கு வரும் ஒரு கணத்தில் செயின் மிக அதிகமாக இழுபடும். ஸ்டாண்டில் நிற்கும்போது "கச்சிதமாக" இருக்கும் செயின், பின்னால் 30 கிலோ சாமானோடு ஒரு பள்ளத்தில் விழும்போது கியர்பாக்ஸ் பேரிங்கையே பிடித்து இழுக்கும். அதனால்தான் ரோட்டு வண்டியில் சுமார் 25–35 மில்லிமீட்டர் தளர்வு என்றால் இவற்றில் 35–45 வரை சொல்வார்கள். உங்கள் வண்டியின் சரியான எண் ஸ்விங்ஆர்ம் ஸ்டிக்கரிலோ மேனுவலிலோ இருக்கும். அளக்கும் இடமும், சைடு ஸ்டாண்டா சென்டர் ஸ்டாண்டா என்பதும் மாடலுக்கு மாடல் மாறும், அதையும் படித்துவிடுங்கள். சந்தேகம் இருந்தால் கொஞ்சம் லூஸ் பக்கமே சாயலாம்.

அளக்கும்போது சக்கரத்தைச் சுற்றிச் சுற்றி மிக இறுக்கமான இடத்தைத் தேடி அங்கே அளங்கள், தேய்ந்த செயின் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி இருக்காது. மாற்ற வேண்டும் என்றால் ஆக்ஸில் நட்டைத் தளர்த்தி, இரண்டு பக்க அட்ஜஸ்டரையும் கால் கால் சுற்றாக ஒரே அளவு திருப்புங்கள். இருபக்கக் கோடுகளும் ஒத்துப்போகிறதா பாருங்கள், அப்புறம் பின் ஸ்ப்ராக்கெட்டின் பின்னால் நின்று செயின் நேராக ஓடுகிறதா என்று கண்ணாலும் பாருங்கள். நட்டை மேனுவல் சொல்லும் அளவுக்கு இறுக்கியதும் மறுபடி ஒருமுறை அளந்துவிடுங்கள், இறுக்கும்போது சிலசமயம் தளர்வு மாறிவிடும்.

செயின் முடிந்துவிட்டதா என்று தெரிய ஒரு சுலப வழி, பின் ஸ்ப்ராக்கெட்டின் பின்கோடியில் செயினைப் பிடித்து வெளியே இழுங்கள், பாதிப் பல்லுக்கு மேல் தெரிந்தால் அது போய்விட்டது. பல் கொக்கி மாதிரி வளைந்திருந்தாலும் அப்படியே. மாற்றும்போது இரண்டு ஸ்ப்ராக்கெட்டும் செயினும் சேர்த்தே மாற்றுங்கள். வீட்டிலேயே மாற்றி 500 கிலோமீட்டர் ஓட்டி, ஒருமுறை தளர்வைச் சரிசெய்துவிட்டுத்தான் மலைக்குக் கிளம்ப வேண்டும், புதுச் செயின் கொஞ்சம் உட்காரும். மலை ஏற்றத்துக்கு முன் ஸ்ப்ராக்கெட்டில் ஒரு பல் குறைப்பவர்கள் உண்டு, 15-இலிருந்து 14 என்றால் இழுவை சுமார் 7 சதவீதம் கூடும், ஷாஃப்ட்டில் இது முடியாத காரியம்.

பயணப் பையில் கட்டாயம் வேண்டியவை: அறுந்த செயினை இணைக்க, செயின் அளவுக்கே உரிய கிளிப் லிங்க் ஒன்று (520 அளவுக்கு வாங்கியது 525-க்குப் பொருந்தாது), கண்ணியைக் கழற்றச் சின்ன செயின் பிரேக்கர், ஆக்ஸில் நட் ஸ்பேனர், சின்ன லூப் டப்பா, பழைய டூத் பிரஷ். கிளிப்பை மாட்டும்போது மூடிய பக்கம் செயின் ஓடும் திசையைப் பார்க்க வேண்டும். ஆக்ஸிலரேட்டரை விட்டுப் பிடிக்கும்போது தட்தட்டென்று உதறினால் செயினைக் குறைசொல்வதற்கு முன் பின் ஹப்பில் இருக்கும் ரப்பர்களைப் பாருங்கள், தேய்ந்திருக்கும், விலை சொற்பம்.

இவ்வளவு சொன்ன பிறகும் ஷாஃப்ட்தான் வேண்டும் என்று ஒரு பழைய பிஎம்டபிள்யூ ஜிஎஸ்ஸையோ ட்ரையம்ஃப் டைகர் 1200-ஐயோ பார்க்கப் போகிறீர்களா? சரி. சென்டர் ஸ்டாண்டில் போட்டு பின் சக்கரத்தை மேலும் கீழுமாகப் பிடித்து ஆட்டுங்கள், ஆடினால் பேரிங் சந்தேகம். கியரில் வைத்து முன்னும் பின்னும் சுற்றும்போது கொஞ்சம் தளர்வு இருப்பது சகஜம், உலோகம் உரசும் சத்தம் சகஜமல்ல. ஹப்பைச் சுற்றி எண்ணெய் ஈரம், பூட்டில் விரிசல் இரண்டையும் டார்ச் அடித்துப் பாருங்கள். வடிகால் போல்ட்டின் காந்தத்தில் சாம்பல் நிறக் குழம்பு மட்டும் ஒட்டியிருந்தால் பயமில்லை. செதில் செதிலாக இரும்பு ஒட்டியிருந்தால் விலை எவ்வளவு குறைத்தாலும் வாங்காதீர்கள்.