தரையில் உரசும் தேக்குக் கதவை இழைக்காமல் நிமிர்த்துவது எப்படி?

செட்டிநாட்டுப் பழைய வீடுகளில் அறைக்கதவு தரையில் உரசத் தொடங்கியதும் அதன் அடிப்பாகத்தை இழைத்துவிடுவது பலருடைய வழக்கம். நூறாண்டு கண்ட பர்மா தேக்கை இப்படிச் சீவி எறிவதை என்னால் ஏற்க முடியவில்லை. பெரும்பாலான வீடுகளில் குறை மரத்தில் இல்லை, மேல் கீலின் திருகாணித் துளைகள் தளர்ந்திருப்பதுதான் காரணம். அதைச் சரிசெய்யாமல் அடியை இழைத்தால், கதவு மேலும் தொங்கி மீண்டும் உரசும். பின்னாளில் கீலைச் சரிசெய்தாலோ, கதவுக்கடியில் தேள் நுழையும் அளவுக்கு இடைவெளி நின்றுவிடும்.

முதலில் எந்தக் கதவு என்று பாருங்கள். முகப்பு வாசலின் பெருங்கதவுகள் பல, கீல் இல்லாமல் மேலும் கீழும் குடுமி (குழியில் அமர்ந்து சுழலும் முளை) வைத்துச் சுழல்பவை. அவற்றின் எடை மிக அதிகம் என்பதால் தச்சரிடம் விட்டுவிடுங்கள். வீட்டின் நடு முற்றமான வளவைச் சுற்றியுள்ள அறைகளிலும் அலமாரிகளிலும் உள்ள கீல் கதவுகளுக்கே இந்த முறை பொருந்தும். ஐப்பசி, கார்த்திகை மழையில் கதவு நிலையோடு பக்கவாட்டில் இறுகினால் அது மரம் ஈரத்தில் ஊதியதால் வருவது. தை மாதம் வரை பொறுத்திருந்து பாருங்கள்.

அடுத்து, கதவைப் பாதி திறந்து, கீல் இல்லாத ஓரத்தை இரு கைகளாலும் மெல்ல மேலே தூக்கியபடி, மேல் கீலை வேறொருவரைக் கவனிக்கச் சொல்லுங்கள். கீலின் தகடு நிலையிலிருந்து விலகி ஒட்டினால் துளை தளர்ந்துவிட்டது என்று பொருள். கதவின் எடை மேல் கீலை வெளியே இழுப்பதாலும் கீழ்க் கீலை உள்ளே அழுத்துவதாலும் மேலே உள்ளதுதான் முதலில் தளரும். தகடு அசையாமல் நடு ஊசி மட்டும் ஆடினால் கீலே தேய்ந்துவிட்டது. காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவின் பழம்பொருள் கடைகளில் அதே அளவில் பழைய பித்தளைக் கீல் தேடிப் பார்க்கலாம்.

வேலையைத் தொடங்குமுன், மடித்த சாக்கின் மேல் இரண்டு மர ஆப்புகளை எதிரெதிராகச் செருகிக் கதவுக்கு முட்டுக் கொடுங்கள். சாக்கு இல்லாமல் ஆப்பு அடித்தால் தரையில் பதித்த ஆத்தங்குடிக் கல்லில் கீறல் விழும். அதன் வண்ணம் மேலே உள்ள மெல்லிய அடுக்கு மட்டுமே.

பழைய பித்தளைத் திருகாணியின் தலைவெட்டில் வார்னிஷும் அழுக்கும் இறுகியிருக்கும். அதைக் கோணூசியால் முழுவதும் சுரண்டி எடுத்தபின், வெட்டின் அகலத்துக்குச் சரியாகப் பொருந்தும் திருப்புளியை நேராக அழுத்திச் சுழற்றுங்கள். பித்தளை மென்மையானது என்பதால், சிறிய திருப்புளி ஒருமுறை வழுக்கினாலே வெட்டு சிதைந்துவிடும்.

துளைக்குள் தூளை ஊதி வெளியேற்றி, தின்னரில் நனைத்த பஞ்சைக் குச்சியில் சுற்றித் துடையுங்கள். தேக்கில் இயல்பாகவே எண்ணெய் உண்டு, கீலுக்கு விட்ட எண்ணெயும் அங்கே ஊறியிருக்கும். துடைக்காவிட்டால் பசை பிடிக்காது. நன்கு காய்ந்தபின், தேக்கு அல்லது மூங்கில் சிராய்களை ஃபெவிகாலில் தோய்த்து, இழையோட்டம் துளையின் நீளவாக்கில் இருக்குமாறு நெருக்கமாகச் செருகி, சுத்தியலால் மெல்லத் தட்டுங்கள். அவசரத்துக்குத் தீக்குச்சி உதவும் என்றாலும், அதன் மரம் மிருதுவானது என்பதால் கனமான கதவுக்கு அதை நம்ப வேண்டாம். நீளமும் தடிமனும் கூடிய திருகாணியைப் போடுவதும் சரியான மாற்று அன்று. அதன் தலை தகட்டின் குழியில் அமராமல் துருத்தி நிற்பதால் கீல் முழுமையாக மூடாது.

ஒரு நாள் காயவிட்டு, நீட்டிக்கொண்டிருப்பதை உளியால் மட்டமாகச் செதுக்குங்கள். எட்டாம் எண் திருகாணி என்றால் 2.5 முதல் 3 மி.மீ. துரப்பண அலகால் நடுவில் துளையிடுங்கள். பித்தளைத் திருகாணியை நேரடியாக இறுக்கினால் கழுத்தில் முறிந்து உள்ளேயே சிக்கிக்கொள்ளக்கூடும். ஆகவே அதே அளவிலான இரும்புத் திருகாணியை முதலில் இறக்கி மரையை உண்டாக்கிக்கொண்டு, அதைக் கழற்றியபின், பித்தளைத் திருகாணியின் மரையில் மெழுகுவத்தியைத் தேய்த்துக் கையாலேயே இறுக்குங்கள். சோப்பு வேண்டாம், அது ஈரத்தை இழுக்கும்.

எல்லாத் திருகாணிகளும் அமர்ந்தபிறகே ஆப்புகளை உருவுங்கள். கதவு உரசிய இடத்தில் தரையில் கறை படிந்திருந்தால் ஈரத்துணியால் துடைத்து, தேங்காய் எண்ணெய் சிறிது தொட்டுத் தேயுங்கள். ஆத்தங்குடிக் கல் சிமெண்டால் ஆனது என்பதால் ஆசிட் பட்டால் மேற்பரப்பு அரித்துப்போகும்.