சந்தன எண்ணெயை முகர்ந்து பழகுவது எப்படி? புதியவர்களுக்கான செய்முறை

சுத்தமான சந்தன எண்ணெயை முதல் தடவை முகர்ந்தபோது எனக்குப் பெரிய ஏமாற்றம். "இதில் வாசனையே இல்லையே" என்று புட்டியை மூடி வைத்துவிட்டேன். இரண்டு மணி நேரம் கழித்துச் சட்டைக் கையை மடித்துவிடும்போது, எங்கிருந்தோ பாலாடையும் மரமும் கலந்தது போல இளஞ்சூடான ஒரு மணம் வந்தது. மூடியைத் திறந்தபோது மணிக்கட்டில் பட்டிருந்த ஒரே ஒரு துளி அது. புட்டியின் வாயில் மூக்கை வைத்து இந்த எண்ணெயை எடைபோடக் கூடாது என்று அன்றைக்குத்தான் புரிந்தது. இதற்கு ஒரு முழு நாள் ஒதுக்க வேண்டும். அந்த ஒரு நாளை எப்படிச் செலவிடுவது என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

தேவையானவை கொஞ்சம்தான்: சந்தன எண்ணெய், ஒரு புட்டி ஆரஞ்சுத் தோல் எண்ணெய், விரல் அகலத்துக்கு வெட்டிய கெட்டியான வெள்ளைத் தாள் நான்கைந்து, ஒரு டிராப்பர், பேனா. தோலில் தடவும் நான்காம் படிக்கு மட்டும் கொஞ்சம் ஹோஹோபா (jojoba) எண்ணெய், தோலில் பூசுகிற ஒரு தாவர எண்ணெய்.

படி 1: லேபிளைப் படியுங்கள்

புட்டியில் தாவரத்தின் முழுப் பெயர் இருக்க வேண்டும். சாண்டலம் ஆல்பம் என்றிருந்தால் நாம் காலங்காலமாகச் சந்தனம் என்று சொல்லும் மரம் அதுதான். சாண்டலம் ஸ்பிகேட்டம் மேற்கு ஆஸ்திரேலியாவில் வளரும் உறவுமரம். அதன் எண்ணெயும் இயற்கையானதுதான். ஆனால் மணம் கொஞ்சம் வறண்டிருக்கும், இனிப்பு குறைவு. அமைரிஸ் என்று எழுதியிருந்தால் அது சந்தனமே இல்லை, எலுமிச்சைக் குடும்பத்து மரம். மேற்கிந்தியச் சந்தனம் (வெஸ்ட் இண்டியன் சாண்டல்வுட்) என்ற பெயரிலும் அது விற்பனைக்கு வரும், பார்த்து வாங்குங்கள்.

விற்பவர் ஆய்வறிக்கை கொடுத்தால், சந்தன எண்ணெயின் முக்கிய வேதிப்பொருள்களான இரண்டு வகைச் சாண்டலாலின் அளவைத் தேடுங்கள். சாண்டலம் ஆல்பம் எண்ணெய்க்கான ஐஎஸ்ஓ 3518 என்ற சர்வதேசத் தரத்தின்படி ஆல்பா சாண்டலால் 41 முதல் 55 சதவீதம், பீட்டா சாண்டலால் 16 முதல் 24 சதவீதம் இருக்க வேண்டும். நமக்குப் பிடித்த அந்தச் சந்தன மணத்தில் பெரும்பங்கு பீட்டா சாண்டலாலுடையது.

படி 2: கண்ணால் பாருங்கள்

ஒரு துளியைக் கண்ணாடித் தட்டில் விட்டுச் சாய்த்துப் பாருங்கள். ஆரஞ்சு எண்ணெய் தண்ணீர் போல ஓடிவிடும். சந்தன எண்ணெய் தேன் போல நிதானமாக இறங்கும். நிறம் வெளிர் மஞ்சள்.

தேங்காய் எண்ணெய், விளக்கெண்ணெய் மாதிரி ஏதாவது கலந்திருக்குமோ என்று சந்தேகம் வந்தால், 70 சதவீத எத்தனாலில் (ஆல்கஹால்) 15 துளி எடுத்து, அதில் ஒரு துளி சந்தன எண்ணெயை விட்டுக் கலக்குங்கள். நல்ல எண்ணெய் தெளிவாகக் கரைந்துவிடும். சமையல் எண்ணெய் வகைகள் கரையாமல் கலங்கி நிற்கும். ஆனால் செயற்கை வாசனைப் பொருள் கலந்திருந்தால் இந்தச் சோதனை காட்டிக்கொடுக்காது. அதற்கு ஆய்வறிக்கைதான் வழி, அப்புறம் பழகிய மூக்கு.

படி 3: தாளில் ஒரு நாள்

இதுதான் முக்கியமான படி. மூன்று தாள்கள் எடுங்கள். முதல் தாளில் ஒரு துளி சந்தனம், இரண்டாவதில் ஒரு துளி ஆரஞ்சு, மூன்றாவதில் இரண்டிலும் ஒவ்வொரு துளி. ஒவ்வொன்றிலும் பெயரையும் நேரத்தையும் எழுதி, ஒன்றோடொன்று படாமல் தள்ளித் தள்ளி வையுங்கள்.

துளி விட்டதும், கால் மணி நேரத்தில், ஒரு மணி நேரத்தில், சாயங்காலம், மறுநாள் காலை என்று ஐந்து முறை முகருங்கள். தாளை மூக்கில் ஒட்டாமல் ஓர் அங்குலம் தள்ளிப் பிடித்து, சின்னச் சின்ன மூச்சாக இழுங்கள். ஆழமாக இழுத்தால் மூக்கு சீக்கிரம் மரத்துப்போகும். அப்படி ஆகிவிட்டால் உங்கள் முழங்கை மடிப்பை ஒருமுறை முகர்ந்துவிட்டு, சற்று நேரம் வெளிக்காற்றில் நில்லுங்கள்.

ஆரஞ்சுத் தாள் முதலில் அறையையே நிறைக்கும், சாயங்காலத்துக்குள் வெறும் காகிதமாகிவிடும். சந்தனத் தாள் முதலில் பேசவே பேசாது. ஒரு மணி நேரத்துக்குப் பிறகுதான் அந்த வழவழப்பான இனிப்பு மேலே வரும், மறுநாள் காலையிலும் அப்படியே இருக்கும். காரணம் எளிது. ஆரஞ்சு எண்ணெயின் பெரும்பகுதி லிமோனீன். அதன் மூலக்கூறில் 10 கார்பன் அணுக்கள். சாண்டலாலில் 15 கார்பன், கூடவே ஓர் ஆக்சிஜன். கனம் அதிகம் என்பதால் மெதுவாகத்தான் காற்றில் எழும். வடிப்பவர்களுக்கும் இதே பொறுமை வேண்டும்: வைரம் பாய்ந்த கட்டையையும் வேரையும் தூளாக்கி நீராவியில் வடிக்க இரண்டு மூன்று நாள்கூட ஆகும். மரத்தின் வெளிப்பகுதியில் மணம் கிடையாது.

மூன்றாவது தாளில் ஆரஞ்சு தனியாக இருந்ததைவிட மென்மையாகத் தெரியும். அது கூர்மை குறைந்து சந்தனத்துக்குள் அடங்குவதை நான் முதலில் கவனித்தபோது, அத்தர் வடிப்பவர்கள் ரோஜா, மல்லி ஆவியை ஏன் சந்தன எண்ணெயில் பிடித்து வைத்தார்கள் என்று புரிந்தது. தன்னை முன்னே தள்ளாமல் மற்ற மணத்தைத் தாங்கிப் பிடிக்கிற இந்தக் குணம்தான் எனக்குச் சந்தனத்தில் மிகவும் பிடித்தது.

ஒன்று சொல்ல வேண்டும். சிலருடைய மூக்குக்குச் சாண்டலால் மிக லேசாகத்தான் தெரியும். மறுநாளும் ஒன்றுமே தெரியவில்லை என்றால் எண்ணெயைக் குறை சொல்லும் முன் வீட்டில் இன்னொருவரை முகரச் சொல்லுங்கள்.

படி 4: தோலில்

நேரடியாகப் பூச வேண்டாம். 10 மில்லி ஹோஹோபா எண்ணெயில் 4 துளி சந்தன எண்ணெய், அதாவது ஏறக்குறைய 2 சதவீதம். உள்ளங்கைகளுக்கிடையே புட்டியை உருட்டிக் கலக்குங்கள். முதலில் முன்கையின் உட்புறம் ஒரு துளி தடவி 24 மணி நேரம் பாருங்கள். அரிப்போ சிவப்போ வந்தால் சோப்புப் போட்டுக் கழுவி, அத்தோடு விட்டுவிடுங்கள். ஒன்றும் இல்லை என்றால் மணிக்கட்டிலும் கழுத்தோரமும் தடவலாம். உடம்புச் சூட்டில் மணம் தாளைவிட வேகமாக மலரும். இந்த எண்ணெய் வெளிப்பூச்சுக்கு மட்டும், உள்ளே சாப்பிடக் கூடாது.

படி 5: பத்திரப்படுத்துங்கள்

அடர்நிறக் கண்ணாடிப் புட்டி, இறுக்கமான மூடி, வெயில் படாத இடம். அவ்வளவுதான். சிட்ரஸ் எண்ணெய்கள் ஓரிரு ஆண்டில் கெட்டுப்போகும். சந்தன எண்ணெய் நன்றாக வைத்திருந்தால் வருடங்கள் கழித்து இன்னும் கனிந்திருக்கும். திறந்த தேதியை லேபிளில் எழுதி வையுங்கள். தீர்ந்த புட்டியைத் தூக்கிப் போடாதீர்கள், மூடியைக் கழற்றித் துணி அலமாரியில் வையுங்கள். அடியில் ஒட்டியிருக்கும் அந்தக் கொஞ்ச எண்ணெய், அலமாரிக் கதவைத் திறக்கும்போதெல்லாம் மணந்துகொண்டிருக்கும்.