உயர்த்திக் கட்டிய டபள் கெப் ஒருபுறம் சாய்ந்து நின்றால் காரணத்தைக் கண்டறிவது எப்படி?

காட்டுப் பாதைகளுக்கென்று ஸ்பிரிங் மாற்றி, பெரிய டயர் போட்டு, இரண்டு அங்குலம் உயர்த்திய டபள் கெப் (இரு வரிசை இருக்கைகளும் திறந்த பின்பெட்டியும் கொண்ட வாகனம்) ஒன்று சில மாதங்களுக்குள் ஒருபுறம் தாழ்ந்து நிற்கத் தொடங்குவதைக் கொழும்பில் அடிக்கடி காண்கிறோம். அதைக் கண்டவுடன் உரிமையாளர்களில் பலர் உதிரிப்பாகக் கடைகள் நிறைந்த பஞ்சிகாவத்தைக்குப் போய் ஒரு சோடி ஷொக் அப்சோபரை வாங்கிப் பொருத்திவிடுகிறார்கள், ஆனால் சாய்வு அப்படியே இருக்கிறது. வாகனத்தின் பாரத்தைத் தாங்குவது ஸ்பிரிங். ஷொக் அப்சோபரின் வேலை அந்த ஸ்பிரிங்கின் துள்ளலை அடக்குவது மட்டுமே. வாயு நிரப்பிய ஷொக் ஒன்று ஒரு பக்கத்தில் செயலிழந்திருந்தால் சில மில்லிமீற்றர் வேறுபாடு வரலாம், அதற்கு மேல் எதிர்பார்க்க இடமில்லை. ஆகவே எந்தப் பாகத்தையும் வாங்குவதற்கு முன்னர் அளவெடுங்கள் என்பதே இந்தக் கட்டுரையின் ஒரே வேண்டுகோள்.

அளவெடுப்பதற்கு முதலில் சமதரை வேண்டும். கொழும்பில் அது நினைப்பதைவிட அரிதானது. மழைநீர் வடிவதற்காக வீதிகள் ஓரம் நோக்கிச் சரிவாக அமைக்கப்படுகின்றன. வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் உள்ள தொடர்மாடிகளின் கீழ்த்தள வாகனத் தரிப்பிடங்களும் வடிகானை நோக்கிச் சற்றுச் சாய்ந்தே இருக்கும். தரையின் மட்டத்தைக் கொத்தனார்கள் பயன்படுத்தும் நீர்க்குழாய் கொண்டு எளிதாகச் சோதிக்கலாம். ஆறு மீற்றர் நீளமான ஒளிபுகும் குழாயில் குமிழி இல்லாமல் நீர் நிரப்பி, அதன் இரு முனைகளையும் இடது வலது சில்லுகளின் அருகே நிமிர்த்திப் பிடித்து, தரையிலிருந்து நீர் நிற்கும் உயரத்தை இரு பக்கமும் அளக்க வேண்டும். வேறுபாடு மூன்று மில்லிமீற்றருக்குள் இருந்தால் அந்த இடம் போதும். அத்தகைய இடம் கிடைக்காவிட்டால், ஒருமுறை அளந்த பின்னர் வாகனத்தை எதிர்த்திசையாகத் திருப்பி, அதே இடத்தில் சில்லுகளை நிறுத்தி மீண்டும் அளந்து, இரண்டு அளவுகளின் சராசரியை எடுத்துக்கொள்ளுங்கள். தரையின் பிழை அதில் தானாகவே கழிந்துவிடும்.

நான்கு டயர்களும் ஒரே அளவினவா, ஏறத்தாழ ஒரே அளவு தேய்ந்தவையா என்று பாருங்கள். காற்றழுத்தத்தை இடம் வலம் சமப்படுத்துங்கள். பின்பெட்டியிலுள்ள சாமான்களை இறக்கிவிடுங்கள். எரிபொருளின் அளவைக் குறித்துக்கொள்ளுங்கள், ஏனெனில் 80 லீற்றர் டீசல் ஏறத்தாழ 67 கிலோகிராம் எடை கொண்டது, அதன் தாங்கியோ பெரும்பாலான கெப் வாகனங்களில் செசியின் (வாகனத்தின் அடிச்சட்டத்தின்) ஒரு பக்கத்திலேயே இருக்கிறது. பின்னர் வாகனத்தைச் சில மீற்றர் முன்னும் பின்னும் நகர்த்தி, நான்கு மூலைகளையும் கையால் அழுத்தித் துள்ளவிட்டு, ஸ்டியரிங்கை நேராக வைத்து நிறுத்துங்கள். ஜக்கில் தூக்கி இறக்கிய உடனேயே எடுக்கும் அளவு நம்பத்தக்கதல்ல, ஏனெனில் டயர்கள் தரையைப் பற்றிக்கொண்டு சஸ்பென்ஷனை அதன் இயல்பான நிலைக்கு வரவிடாமல் தடுத்துக்கொண்டிருக்கும்.

ஒவ்வொரு மூலையிலும் மூன்று அளவுகள் தேவை. தரையிலிருந்து சில்லின் மையம் வரையான உயரம் டயரைப் பற்றிச் சொல்லும். சில்லின் மையத்திற்கும் செசிக்கும் இடையிலான உயர வேறுபாடு சஸ்பென்ஷனைப் பற்றிச் சொல்லும். செசிக்கும் பொடிக்கும் (செசியின் மேல் அமரும் கூட்டுக்கும்) இடையிலான தூரம் பொடியைத் தாங்கும் இறப்பர் மவுண்டிங்குகளைப் பற்றிச் சொல்லும். மட்காட்டின் விளிம்பை மட்டும் நம்பி அளப்பவர்கள் இந்த மூன்றையும் ஒன்றாகக் குழப்பிவிடுகிறார்கள். போதாக்குறைக்கு, எப்போதோ மோதித் தட்டி நிமிர்த்திய மட்காட்டே பத்து மில்லிமீற்றர் பொய் சொல்லக்கூடும். செசி சமமாக இருந்து பொடி மட்டும் சாய்ந்திருந்தால் ஸ்பிரிங்கைத் தொட வேண்டிய அவசியமே இல்லை. நசிந்த மவுண்டிங்கையோ, பொடியை உயர்த்துவதற்காக வைத்த கட்டைகளில் அளவு மாறிப்போன ஒன்றையோ தேடுங்கள்.

இடம் வலம் பத்து மில்லிமீற்றர் வரையான வேறுபாட்டை நான் பொருட்படுத்துவதில்லை. பதினைந்தைத் தாண்டினால் காரணத்தைத் தேடியே ஆக வேண்டும்.

செசி சாய்ந்திருப்பது உறுதியானால், அடுத்த கேள்வி குறை முன்பக்கத்திலா பின்பக்கத்திலா என்பதாகும். செசி விறைப்பானது என்பதால் ஒரு முனையில் உள்ள குறை மறுமுனையையும் சாய்த்துவிடும், அதனால் வெறும் கண்ணுக்கு இது பிடிபடாது. பின்சில்லுகளுக்கு முன்னும் பின்னும் கட்டை வைத்துவிட்டு, செசியின் முன் குறுக்குச் சட்டத்தின் சரியான நடுவில் ஜக்கை வைத்து, முன்சில்லுகள் தரையை விட்டு மட்டுமட்டாக எழும்வரை மெதுவாகத் தூக்குங்கள். இப்போது முன்பக்கம் ஒரே புள்ளியில் நிற்பதால், இடமோ வலமோ சாய்க்கும் வலு அதற்கு இல்லை. வாகனம் நிமிர்ந்துவிட்டால் குறை முன்பக்கத்தில் இருக்கிறது. சாய்வு மாறாமல் நின்றால் பின்பக்கத்தையோ, ஒருபுறம் ஏறிய பாரத்தையோ சந்தேகிக்க வேண்டும். இதையே பின்பக்கத்திலும் செய்து பார்த்து உறுதிப்படுத்திக்கொள்ளலாம். ஒற்றைப் புள்ளியில் நிற்கும் வாகனம் ஆடக்கூடியது, ஆகவே தூரத்தில் நின்றே பார்க்க வேண்டும். அந்த நிலையில் எக்காரணம் கொண்டும் எவரும் அடியில் போகக் கூடாது.

இரும்புப் பட்டைகளை அடுக்கிச் செய்த பின்பக்க லீஃப் ஸ்பிரிங்கில் எளிதில் தவறவிடப்படும் குறை, அதன் முனைகளிலுள்ள புஷ் எனும் இறப்பர் உறைகளில் உள்ளது. எனது மைத்துனரின் ஹைலக்ஸ் வாகனத்திற்குப் புதிய ஸ்பிரிங் போட்டு ஒரு மாதம்கூட ஆகவில்லை, வலது பின்புறம் 19 மில்லிமீற்றர் தாழ்ந்து நின்றது. பொருத்திய கராஜில் ஸ்பிரிங் பழுதென்று சொல்லி இன்னொரு சோடியை வாங்கச் சொன்னார்கள். நாங்கள் வாகனத்தைச் சமதரையில், அதன் முழுப் பாரமும் சில்லுகளில் நிற்கும் நிலையில் வைத்து, இடது ஸ்பிரிங்கின் முன் கண்ணிலுள்ள (முனை வளையத்திலுள்ள) நட்டைத் தளர்த்தினோம். அரைச் சுற்றுத் திரும்பியதும் "டக்" என்ற ஓசையுடன் புஷ்ஷின் உட்குழாய் தன் இடத்தில் சுழன்றது. அதன் விளிம்பில் முன்கூட்டியே சோக்கினால் போட்டிருந்த கோடு ஒரு விரற்கடை விலகி நின்றது. ஷெக்கிளின் (ஸ்பிரிங்கின் பின்முனையைச் செசியுடன் இணைக்கும் அசையும் இணைப்பின்) நட்டுகளையும் தளர்த்தி, வாகனத்தைத் துள்ளவிட்டு, மீண்டும் இறுக்கி அளந்தபோது வேறுபாடு 8 மில்லிமீற்றராகக் குறைந்திருந்தது. அச்சு தொங்கிக்கொண்டிருக்கும்போதே இடப்பக்கத்து நட்டுகளை முழுதாக இறுக்கியிருந்தார்கள். வாகனம் தரையில் இறங்கியதும் அந்த இறப்பர் முறுக்குண்டு, தானும் ஒரு ஸ்பிரிங்காகி இடப்பக்கத்தை மேலே தள்ளிக்கொண்டிருந்தது, அதனாலேயே வலப்பக்கம் தாழ்ந்து நின்றது. சஸ்பென்ஷனின் இறப்பர் புஷ் எதுவாயினும், பாரம் சில்லுகளில் இருக்கும்போதே இறுதியாக இறுக்கப்பட வேண்டும். உற்பத்தியாளர்களின் பழுதுபார்ப்புக் கைந்நூல்களும் இதையே வலியுறுத்துகின்றன.

புஷ் சரியென்றால் பட்டைகளை ஒவ்வொன்றாகப் பாருங்கள். சேறு படிந்த பட்டையில் வெடிப்பு மறைந்திருக்கும், கழுவிய பின்னரே தெரியும். இரு பக்கத்திலும் பட்டைகளின் எண்ணிக்கையும் தடிப்பும் ஒன்றா, நடுப் போல்ட் உடைந்து அச்சு நகர்ந்துள்ளதா, உயர்த்தும் கட்டைகள் இரண்டும் ஒரே உயரமா, ஷெக்கிள் பின்னால் மடிந்து செசியில் முட்டுகிறதா என்பனவற்றையும் கவனிக்க வேண்டும். இவற்றிலும் விடை கிடைக்காவிட்டால் இடது ஸ்பிரிங்கை வலத்திலும் வலது ஸ்பிரிங்கை இடத்திலும் மாற்றிப் போட்டுப் பாருங்கள். சாய்வு ஸ்பிரிங்குடன் சேர்ந்து பக்கம் மாறினால் குறை ஸ்பிரிங்கில்தான் இருக்கிறது. மாறாவிட்டால் ஸ்பிரிங்குக்குச் செலவழிக்க வேண்டாம். மைத்துனரின் வாகனத்தில் எஞ்சிய 8 மில்லிமீற்றர் பக்கம் மாறவில்லை.

முன்பக்கத்தில் கொயில் ஸ்பிரிங் உள்ள வாகனங்களில், அதன் முனை கீழ்த்தட்டிலுள்ள பள்ளத்தில் சரியாக உட்கார்ந்திருக்கிறதா என்பதே முதற் சோதனை. அடுத்தது ஸ்பிரிங்கிலுள்ள இலக்கம். வாகனத்தை உயர்த்துவதற்கென விற்கும் சில ஸ்பிரிங் தொகுதிகளில் இடது, வலது ஸ்பிரிங்குகள் வெவ்வேறு நீளத்தில் வருகின்றன, சாரதியின் பக்கத்திற்கு உரியது சற்று உயரமாக இருக்கும். இடப்பக்க ஸ்டியரிங் உள்ள நாடுகளுக்கெனத் தயாரித்த தொகுதியில் "சாரதி பக்கம்" என்று எழுதியிருந்தால் அது இடப்பக்கத்தையே குறிக்கும். நமது வாகனங்களில் சாரதி வலப்பக்கம் அமர்வதால், எந்த ஸ்பிரிங் எந்தப் பக்கத்துக்கு உரியது என்று உறுதிசெய்யாமல் பொருத்தினால் சாய்வு வரக்கூடும்.

2004 இற்கு முந்திய நான்கு சில்லு இயக்க ஹைலக்ஸ் பலவற்றிலும், மிட்சுபிஷி எல் 200 வாகனங்களின் பழைய தலைமுறையிலும் முன்பக்கத்தில் டோர்ஷன் பார் (முறுக்குண்டு ஸ்பிரிங்காக வேலை செய்யும் தண்டு) இருக்கிறது. அதில் சரிசெய்யும் போல்ட் இருப்பதால் வேலை எளிது. எனினும் திருகுவதற்கு முன்னர் இரு பக்கமும் வெளியே தெரியும் புரிகளை எண்ணிக் குறித்துவையுங்கள். ஒரு பக்கத்தை உயர்த்தினால் மறுபக்கமும் சற்று மாறும் என்பதால், சிறிது திருகி, வாகனத்தை ஓட்டி வந்து, மறுபடியும் அளந்தே முன்னேற வேண்டும். இடது பாரும் வலது பாரும் ஒன்றுக்கொன்று மாற்றிப் போடத்தக்கவை அல்ல.

இடது வலது சில்லுகளின் சஸ்பென்ஷனை இணைத்து, வளைவுகளில் வாகனம் சாய்வதைக் குறைக்கும் ஸ்டெபிலைசர் பாரை மறந்துவிட வேண்டாம். சமதரையில் அதன் இணைப்பு ஒன்றின் போல்ட்டைக் கழற்றுங்கள். போல்ட் கையால் இலகுவாக வெளியே வந்து திரும்பவும் நுழைந்தால் பாரில் முறுக்கு இல்லை. துளைகள் விலகி நின்றால், ஏதோ ஒன்று பாரை முறுக்கிக்கொண்டிருக்கிறது. இணைப்பைக் கழற்றியதும் சாய்வும் நீங்கிவிட்டால், இரு பக்கத்து இணைப்புகளின் நீளம் வேறுபடுகிறதா என்று பாருங்கள்.

பழைய டிபெண்டரின் முன்பக்கத்திலும் ஜிம்னியின் இரு முனைகளிலும் பனாட் ரொட் என்னும் குறுக்குத் தண்டு அச்சைப் பிடித்திருக்கிறது. வாகனத்தை உயர்த்தினால் அந்தத் தண்டின் கோணம் கூடி, அச்சு ஒரு பக்கமாக நகரும். ஒரு டயர் வெளியே துருத்தி நிற்பதைப் பார்த்துச் சாய்வு என்று எண்ணிவிடுவோர் உண்டு. செசியிலிருந்து டயரின் பக்கச்சுவர் வரை கிடையாக அளந்தால் இது தெளிவாகும், நீளம் மாற்றத்தக்க தண்டே இதற்குத் தீர்வு.

இவை எதுவும் இல்லையென்றால் செசியைச் சந்தேகியுங்கள். கடற்கரை மணலிலும் உப்புநீரிலும் ஓடிய வாகனங்களில் ஸ்பிரிங்கைத் தாங்கும் கொளுவிகளைச் சுற்றித் துரு தின்றிருக்கும், அங்கே வெடிப்பும் உண்டாகும். செசியின் இரு பக்கமும் ஒத்த நான்கு துளைகளிலிருந்து தூக்குக்குண்டைத் தொங்கவிட்டு, தரையில் சோக்கினால் புள்ளியிட்டு, வாகனத்தை நகர்த்திவிட்டு மூலைவிட்டங்களை அளந்தால் செசி கோணியிருப்பது வெளிப்படும். அவ்வாறு தெரிந்தால் அதன் பிறகு உரிய வசதியுள்ள இடத்தில் மட்டுமே வேலை செய்ய வேண்டும்.

குறை எதுவும் இல்லாமல் பாரமே சாய்வுக்குக் காரணமாவதும் உண்டு. மைத்துனரின் வாகனத்தில் இரண்டாவது பற்றரியும், கூரையின் விளிம்பில் மடித்துக் கட்டிய பந்தலும் வலப்பக்கத்திலேயே இருந்தன. பற்றரியை இடப்பக்கம் மாற்றியதும் 5 மில்லிமீற்றர்தான் எஞ்சியது. காரணம் இவ்வாறு நிரந்தரப் பாரம்தான் என்று தெளிந்த பின்னரே ஸ்பேசர் (உயரத்தைக் கூட்டும் இடைத்தகடு) வைப்பது நியாயம். ஸ்ட்ரட்டின் (ஸ்பிரிங்கும் ஷொக்கும் ஒன்றாகச் சேர்ந்த பாகத்தின்) மேல் வைக்கும் ஸ்பேசர் சில்லில் ஏறத்தாழ இரு மடங்கு உயரத்தைத் தரும் என்பதால், 12 மில்லிமீற்றர் வேறுபாட்டுக்கு 6 மில்லிமீற்றர் தடிப்பே போதும். உடைந்த பட்டையை ஸ்பேசரால் மறைப்பது ஆபத்தானது. அடுத்த பட்டை காட்டின் நடுவில் உடையும்போது குடும்பத்தோடு அங்கே நிற்க நேரும்.

உயரம் மாறிய பின்னர் சில்லுகளின் எலைன்மென்டையும் முன்விளக்குகளின் உயரத்தையும் சரிபார்க்க வேண்டும். பின் அச்சின் பாரத்திற்கேற்பப் பிரேக் அழுத்தத்தை மாற்றும் வால்வு உள்ள வாகனங்களில், அதன் தண்டையும் புதிய உயரத்திற்கு ஏற்பச் சரிசெய்ய வேண்டும். உயர்த்திய வாகனத்தில் அந்த வால்வு பின்பெட்டி வெறுமையாக இருப்பதாகவே கொண்டு, பாரம் ஏற்றியபோதும் பின்பிரேக்கைக் குறைத்தே கொடுக்கும். பிரேக் குழாய்கள் முழுத் தொங்கலில் இழுபடவில்லை என்பதையும் பாருங்கள். புதிய ஸ்பிரிங் சற்று இறங்கி அமரும் என்பதால், 1,000 கிலோமீற்றர் ஓடிய பின்னர் அதே தரையில், அதே அளவு டீசலுடன் நான்கு மூலைகளையும் மீண்டும் அளந்து, பழைய அளவுகளுக்குப் பக்கத்தில் எழுதிவையுங்கள்.