அப்டேட் போட்டதும் சார்ஜ் நிற்கவில்லையா?

அப்டேட் போட்ட மறுநாளே சார்ஜ் மளமளவென்று இறங்கினால், பேட்டரி போய்விட்டது என்று உடனே கடைக்கு ஓடாதீர்கள். அப்டேட் முடிந்த பிறகும் போனுக்குள் வேலை நடந்துகொண்டிருக்கும். போட்டோக்களை மறுபடி அலசும், ஆப்களைப் புது மென்பொருளுக்குத் தயார்படுத்தும். போன் கையில் சுடுவதும் இதனால்தான். ராத்திரி வைஃபையை ஆன் செய்து சார்ஜில் போட்டுவிடுங்கள். பெரும்பாலும் இரண்டு மூன்று நாளில் அடங்கிவிடும்.

அடங்கவில்லை என்றால் செட்டிங்ஸில் பேட்டரி பகுதியைத் திறந்து, எந்த ஆப் அதிகம் இழுக்கிறது என்று பாருங்கள். அம்மாவின் போனில் அப்படிப் பார்த்தேன். அவர் வாரக்கணக்கில் தொடாத ஒரு ஷாப்பிங் ஆப் முதலிடத்தில் இருந்தது! அது பின்னணியில் ஓடுவதை நிறுத்தியதும், காலையில் ஏற்றிய சார்ஜ் ராத்திரி சீரியல் முடியும்வரை தாங்கியது.

பழைய ஐபோன் வைத்திருப்பவர்களுக்கு இன்னொன்று. பேட்டரி தேய்ந்த போன்கள் திடீரென அணைந்துவிடாமல் இருக்க, மென்பொருள் வழியாக வேகத்தைக் குறைத்ததாக 2017 டிசம்பரில் ஆப்பிளே ஒப்புக்கொண்டது. பிறகு 2018இல் வந்த ஐஓஎஸ் 11.3 என்ற ஐபோன் மென்பொருள் முதல், பேட்டரியின் மிச்சத் திறனை, அதாவது புதிதாக இருந்தபோது பிடித்த சார்ஜில் இப்போது எவ்வளவு பிடிக்கும் என்பதை, செட்டிங்ஸிலேயே பார்க்கலாம். அது 80 சதவீதத்துக்குக் கீழே போயிருந்தால் பேட்டரியை மட்டும் மாற்றுங்கள், புதுப் போன் வாங்க அவசரப்பட வேண்டாம்.

சார்ஜுக்குப் பயந்து பாதுகாப்பு அப்டேட்டைத் தள்ளிப்போடாதீர்கள். யுபிஐ, பேங்க் ஆப் எல்லாம் இருப்பது அதே போனில்தானே. வெள்ளிக்கிழமை ராத்திரி போட்டால், போன் அடங்க சனி, ஞாயிறு இருக்கிறது.