ஆட்டம் தோற்ற முதல் அரை மணி நேரம்

செஸ் போட்டி மண்டபத்திலிருந்து பிள்ளை முகம் வாடி வெளியே வருகிறதா? "எப்படிடா தோத்த?" என்று மட்டும் கேட்காதீர்கள். தண்ணீர் கொடுங்கள், ஏதாவது சாப்பிட வையுங்கள். அழுதால் அழட்டும், தடுக்க வேண்டாம்.

அன்றைக்கு இன்னும் சுற்று பாக்கி இருந்தால் மொபைலில் எஞ்சினை (ஆட்டத்தை அலசிச் சொல்லும் செஸ் செயலியை) திறக்கவே கூடாது. எந்த இடத்தில் கையில் இருந்த வெற்றி நழுவியது என்று அது துல்லியமாகக் காட்டிவிடும். அந்த நினைப்போடு போய் உட்கார்ந்தால் அடுத்த ஆட்டமும் போய்விடும். பல பிள்ளைகளிடம் இதைப் பார்த்திருக்கிறேன், மனசு கஷ்டமாக இருக்கும்.

ஒரு நாள் போகட்டும். அப்புறம் நகர்வுகள் எழுதிய தாளை எடுத்து, பலகையில் காய்களை வைத்து ஆடிப் பாருங்கள். தவறிய இடத்தில் என்ன நினைத்தோம் என்று பிள்ளையே தன் கையால் எழுத வேண்டும். "அவசரப்பட்டேன்", "நேரம் இல்லை" என்று ஒரு வரி போதும். எஞ்சின் அதற்குப் பிறகுதான்.

நம் குகேஷ் 2024 உலக சாம்பியன்ஷிப்பில், சிங்கப்பூரில், அப்போதைய சாம்பியன் டிங் லிரெனிடம் முதல் ஆட்டத்திலேயே தோற்றார். 3வதில் வென்று சமன் செய்தார். 11வதில் வென்று முன்னிலை பெற்றார், அடுத்த ஆட்டத்திலேயே மறுபடி தோல்வி. கடைசியாக 14வது ஆட்டத்தை வென்று 18 வயதில் சாம்பியன் ஆனார். பிள்ளையோடு உட்கார்ந்து அந்தத் தொடரைப் பார்த்தால், 12வது ஆட்டத்தின் தோல்விக்குப் பின் அவர் டிரா செய்த 13வது ஆட்டத்தை முதலில் எடுங்கள்.